பட்டன் ஏன் திரும்பிக்கொள்கிறது? பட்டனும் மணியும் சேர்த்து ஒரு பிரேஸ்லெட்

[காட்சி: மேசைமேல் ஒரு டப்பா கவிழ்கிறது. பல நிறப் பட்டன்கள், நடுநடுவே மர மணிகள்.]

சட்டை கிழிந்துவிடும், பட்டன் கிழியாது. அதனால்தான் டப்பாவில் இவ்வளவு சேர்ந்துவிடுகிறது. இதில் ஏழு பட்டனை எடுத்து, கொஞ்சம் மணி சேர்த்து ஒரு பிரேஸ்லெட் கோர்க்கப் போகிறோம். அதற்கு முன்னால் நான் முதன்முதலில் செய்ததைக் காட்டிவிடுகிறேன்.

[காட்சி: கையில் பழைய பிரேஸ்லெட். பட்டன்கள் எல்லாம் விளிம்பைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன.]

அழகான பட்டனாகத் தேடித் தேடிப் பொறுக்கினேன். கையில் போட்டால் ஒன்றின் முகம்கூடத் தெரியவில்லை. ஒரு மணி, ஒரு பட்டன், ஒரு மணி என்று நூலை ஒரே நேராக விட்டு இழுத்திருந்தேன். அங்கேதான் தப்பு.

[அண்மைக் காட்சி: ஊசியில் ஒரு மணி, பக்கத்தில் ஊசியில் ஒரு பட்டன்.]

இரண்டையும் பாருங்கள். மணியின் துளை நூல் போகிற திசையிலேயே இருக்கிறது. எப்படி உருண்டாலும் மணி மணியாகவே தெரியும். பட்டனின் துளையோ முகத்திலிருந்து முதுகுக்குப் போகிறது. நூலை நேராக விட்டால் பட்டன் அதற்குக் குறுக்கே நின்றுகொள்ளும். அது படுத்திருக்க வேண்டுமானால், நூல் பின்னாலிருந்து ஒரு துளையில் ஏறி, முகத்தின் மேல் ஓடி, அடுத்த துளையில் இறங்க வேண்டும். துணியில் தைக்கும்போது நாம் செய்வதும் இதேதான்.

இதையும் ஒற்றை இழையில் செய்தால் பட்டன் படுக்கும், ஆனால் அந்த இழையையே அச்சாக வைத்துப் புரண்டு முதுகைக் காட்டும். அதனால் நாலு துளைப் பட்டன், இரண்டு இழை. மேல் இரண்டு துளைகளில் ஒன்று, கீழ் இரண்டில் இன்னொன்று. இப்போது புரளட்டும் பார்ப்போம்.

[காட்சி: தேவையான பொருட்கள் வரிசையாக.]

15 மி.மீ. அகலத்தில் நாலு துளைப் பட்டன் ஆறு. பட்டனை ‘லைன்’ கணக்கில் வாங்கினால் 24 என்று கேளுங்கள். 40 லைன் சேர்ந்தால் ஓர் அங்குலம். 6 மி.மீ. மணி ஏழு, இரண்டு இழையும் சேர்ந்து நுழைகிற அளவுக்குத் துளை வேண்டும். கண்ணாடிச் சிறுமணிகளில் எண் கூடக் கூட மணி சிறுக்கும்: 6ஆம் எண் 4 மி.மீ. அளவில் இருக்கும், 11ஆம் எண் வெறும் 2. அவற்றை இன்றைக்கு ஒதுக்கி வையுங்கள். அரை மி.மீ. தடிமனில் மெழுகு பூசிய நூல் ஒன்றேகால் மீட்டர். மெழுகு நூலில் முடிச்சு வழுக்காது. கடைசியாக, முதுகில் காது வைத்த பட்டன் ஒன்று. அது எதற்கு என்று அப்புறம் சொல்கிறேன்.

மணிக்கட்டைச் சுற்றி ஒரு நூலை வைத்து அளந்துகொள்ளுங்கள். 16 செ.மீ. வந்தால் பிரேஸ்லெட் 17.5 செ.மீ. இருக்கட்டும். ஒரு பட்டன், ஒரு மணி, அவற்றின் முடிச்சுகள் எல்லாம் சேர்ந்து சுமார் இரண்டரை செ.மீ. பிடிக்கும்.

[காட்சி: நூல் பாதியாக மடிகிறது.]

நூலைப் பாதியாக மடியுங்கள். இரண்டு இழை கிடைத்துவிட்டது; மடிந்த இடம் கண்ணி ஆகப் போகிறது. காதுப் பட்டன் அந்தக் கண்ணியில் இறுக்கமாக நுழைகிற இடம் பார்த்து முடிச்சுப் போடுங்கள். ‘அடடா, ரொம்ப இறுக்கமோ’ என்று தோன்றினால் அளவு சரி. நாள்பட நூல் எப்படியும் இளகும்.

நூல் நுனிகளில் நகப்பூச்சு தடவிக் காயவிடுங்கள். விறைத்துக்கொண்டு ஊசி மாதிரியே நுழையும்.

முதல் மணியை இரண்டு இழையிலும் சேர்த்துக் கோர்த்து, கண்ணியின் முடிச்சுவரை தள்ளுங்கள். அதை ஒட்டி அடுத்த முடிச்சு. இந்த முடிச்சில்தான் எல்லோருக்கும் கை தடுமாறும். முடிச்சைத் தளர்வாகப் போடுங்கள், இறுக்காதீர்கள். அதன் வளையத்துக்குள் ஒரு ஊசியை விடுங்கள்.

[அண்மைக் காட்சி: ஊசி முடிச்சை மணியை நோக்கித் தள்ளுகிறது.]

ஊசியாலேயே முடிச்சை நகர்த்தி மணியில் முட்ட வையுங்கள். முட்டிய பிறகு இழைகளை இழுத்துக்கொண்டே ஊசியை உருவிவிடுங்கள். நகத்தால் தள்ளினால் ஒரு மி.மீ. இடைவெளி நின்றுவிடும். ஏழு இடத்தில் ஒவ்வொரு மி.மீ. நின்றால், பிரேஸ்லெட் கையைவிட்டு நழுவும்.

இனிப் பட்டன். அதன் விளிம்பு முடிச்சின்மேல் உட்காருகிற மாதிரி வைத்து, இழைகள் பின்னாலிருந்து ஏறி, முகத்தில் இரண்டு சிறு கோடுகளாக ஓடி, இறங்கட்டும். இழைகள் பட்டனின் மறு விளிம்புக்கு வரும் இடத்தில் ஒரு முடிச்சு. பிறகு மணி, முடிச்சு, பட்டன்.

இத்தனை முடிச்சு எதற்கு என்று கேட்கலாம். முடிச்சு இல்லாவிட்டால் பட்டனுக்கு அடியில் வெறும் நூல் ஓடுகிறது அல்லவா, மணி நைசாக அங்கே போய் ஒளிந்துகொள்ளும். இரண்டு பக்கமும் முடிச்சு நின்றால் அது தன் இடத்தைவிட்டு நகராது. நூல் ஓரிடத்தில் அறுந்தாலும் எல்லா மணியும் தரையில் ஓடாது.

ஆறு பட்டன் ஆனதும் கையில் சுற்றிப் பாருங்கள். குறைந்தால் ஒரு மணி சேர்க்கலாம், கூடினால் எடுக்கலாம். முடித்த பிறகு இதைச் செய்ய வழியில்லை.

[காட்சி: காதுப் பட்டன் சுழல்கிறது.]

சரி, காதுப் பட்டன். இதன் துளை மட்டும் மணியின் துளையைப் போலப் பக்கவாட்டில் இருக்கிறது. அதனால் இது நூல் நுனியில் நேராக நிற்கும். காது கொஞ்சம் உயரமாக இருப்பதால், மாட்டிய கண்ணி பட்டனுக்கு அடியில் சென்று உட்காரவும் இடம் கிடைக்கிறது. தட்டைப் பட்டனை நுனியில் ஒட்டக் கட்டினால் கண்ணிக்கு இடமிருக்காது. கோட்டுப் பட்டனுக்குக் கழுத்து விட்டுத் தைப்பதுபோல நூலால் ஒரு கழுத்து சுற்ற வேண்டிவரும். இரண்டு இழைகளையும் எதிரெதிர்த் திசையில் காதுக்குள் விட்டு, இரண்டு தடவை முடிச்சுப் போட்டு, ஒரு சொட்டுப் பசை வையுங்கள். பசை காய்ந்த பிறகு, முடிச்சிலிருந்து 2 மி.மீ. விட்டு வெட்டுங்கள்.

எலாஸ்டிக் நூலில் செய்யலாமா என்றால், செய்யலாம். ஆனால் எலாஸ்டிக்குக்கு முடிச்சு வரிசை ஒத்துவராது, அதனால் அங்கே விதியைத் தலைகீழாக்குங்கள். 10 மி.மீ. சிறு பட்டன்களை வேண்டுமென்றே குறுக்கே நிற்கவிட்டு, நாணயம் அடுக்குவதுபோல முகத்தோடு முகம் வைத்து நெருக்கமாகக் கோர்த்தால் விளிம்புகளே வரிவரியாக அழகாயிருக்கும். பட்டன்தான் நிறைய விழுங்கும்: 3 மி.மீ. தடிமன் என்றால் ஐம்பதுக்கு மேல். எலாஸ்டிக்கை முன்னாலேயே நன்றாக இழுத்துவிட்டுக் கோர்த்தால் பிறகு தொங்காது. உலோக மணி மட்டும் வேண்டாம். அதன் துளை விளிம்பு கத்தி மாதிரி. எனக்கு ஒன்று நாலாம் நாளே அறுத்துவிட்டது. சூப்பர் குளூவும் வேண்டாம், எலாஸ்டிக் விறைத்து அந்த இடத்திலேயே ஒடியும்.

மூன்று வயதுக்குக் கீழ் உள்ள குழந்தை கையில் எதையும் மாட்டாதீர்கள். பட்டன் நேராக வாய்க்குத்தான் போகும்.

[காட்சி: காதுப் பட்டன் கண்ணிக்குள் நுழைகிறது. கை திரும்புகிறது, பட்டன்கள் முகம் காட்டியபடியே இருக்கின்றன.]