மாரி முடிந்ததும் போறணைக்கு முதல் நெருப்பு

நேயர்களுக்கு வணக்கம். மட்டக்களப்பில் எங்கள் குடும்பத்துப் பேக்கரியில் இன்றைக்கும் விறகுப் போறணைதான். 2022இல் எரிவாயுவும் டீசலும் கிடைக்காமல் ஊரே திண்டாடியபோது பலர் விறகுக்குத் திரும்பினார்கள். அப்போதிருந்து என்னிடம் கேட்கிறார்கள், பழைய போறணை எவ்வளவு சூடு தாங்கும் என்று. அதை எத்தனை நாளில் சூடாக்கினீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

செங்கல் தண்ணீர் குடிக்கும். கார்த்திகை, மார்கழி மழையில் மூடிக் கிடந்த போறணையில் எடுத்த எடுப்பில் பெரிய நெருப்பு போட்டால், உள்ளே ஊறிய ஈரம் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் கல்லைப் பிளந்துவிடும். ஒரு தை மாதம் பொங்கல் ஓடருக்காக நானே அவசரப்பட்டேன். வளைவின் நடுவிலிருந்து வாசல் வரை வெடித்துப்போயிற்று. அப்பா கட்டிய போறணை அது. இப்போது முதல் நாள் ஒரு கை சுள்ளி மட்டும். மறுநாள் கொஞ்சம் கூட. இப்படி நாலைந்து நாள். வாசலில் குளிர்ந்த தட்டைப் பிடித்தால் நீர் பூக்கக் கூடாது. அதற்குப் பிறகுதான் பெரிய கட்டை.

எரியத் தொடங்கியதும் உள்வளைவு கறுக்கும், அப்புறம் கரி எரிந்து கல் வெளுக்கும். சூடு ஏறக்குறைய 350 பாகை செல்சியசைத் தொட்டுவிட்டது என்பதற்கு அது அடையாளம். பாணுக்கு அதற்கு மேல் ஒரு விறகும் தேவையில்லை. தணலை இழுத்து, தளத்தைத் துடைத்து, கதவைச் சாத்திப் பொறுத்திருங்கள். பாண் வேக 220 பாகை அளவு போதும். தளத்தில் மாவு தூவினால் மெல்லச் சிவக்க வேண்டும்; உடனே கருகினால் இன்னும் பொறுங்கள். கொரோனா காலத்தில் நெற்றியில் பிடித்த கருவி இதற்கு உதவாது, அது உடம்புச் சூட்டுக்கு மேல் காட்டாது. தொழிற்சாலைகளுக்கென்று விற்கும் கருவியை வாங்குங்கள்.

சூடு குறைந்தாலும் ஆபத்துதான். பச்சை விறகின் எடையில் பாதியளவு தண்ணீர். அது புகைந்து புகைந்து எரியும்போது, புகைக்கூண்டின் குளிர்ந்த சுவரில் புகை தாராகப் படியும். ஒருநாள் நல்ல நெருப்பு போட்டால் அந்தத் தார் பற்றிக்கொள்ளும். பக்கத்தில் கிடுகுக் கூரை இருந்தால் சொல்லவே வேண்டாம். ஆகவே விறகை மழைக்கு முன்பே பிளந்து, காற்றோட்டமாக அடுக்குங்கள். கூண்டை மாரிக்கு முன்னும் பின்னும் சுரண்டுங்கள். கூண்டு பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள். காற்று போகாமல் போறணைக் கதவை அடைத்துவிட்டு எல்லோரும் வெளியே வந்து உதவிக்கு அழையுங்கள்.

பேக்கரிக்குள்ளேயே படுக்கும் பிள்ளைகளுக்காக இன்னொன்று. இழுத்த தணலைக் குளிருக்கென்று அறையில் வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு மணம் கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு, முற்றத்தில் வையுங்கள்.