கிண்டி வரைக்கும் ஒரு சரணம்

அவைக்கு வணக்கம். மேடையில் நின்றுகொண்டு மேடையே இல்லாத பாடகர்களைப் பற்றிப் பேசப் போகிறேன்.

சென்னைக் கடற்கரை ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் போகிற மின்சார ரயிலில் பகல் பதினொரு மணிக்கு மேல் ஏறிப் பாருங்கள். ஆபீஸ் நேரத்தில் இவர்களைப் பார்ப்பது அபூர்வம். கால் வைக்கவே இடமில்லாத பெட்டியில் எங்கே நடந்து பாடுவது? கூட்டம் வடிந்ததும் வருவார்கள். பெரும்பாலான நாள் வருவது கண் தெரியாத ஒரு கணவன் மனைவி. அவர் கழுத்தில் ஸ்பீக்கர் பெட்டி, கையில் மைக். அவர் தோளில் அந்த அம்மாவின் ஒரு கை, இன்னொரு கையில் பிளாஸ்டிக் டப்பா.

அவர்கள் வித்தை குரலில் மட்டும் இல்லை, கணக்கில் இருக்கிறது. கோடம்பாக்கம் தாண்டினால் மாம்பலம் இரண்டு மூன்று நிமிஷம். அதற்குள் பாட்டு பெட்டியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி போயாக வேண்டும். நாம் வழக்கமாக ஏறும் ரயிலில் பெட்டிக்குப் பெட்டி உள்ளே வழி கிடையாது. ஸ்டேஷனில் இறங்கி, ரயில் கிளம்புமுன் அடுத்த பெட்டியில் ஏற வேண்டும், கண் தெரியாமல்! கச்சேரியில் மிருதங்கம் தனியாக வாசிக்கிற தனி ஆவர்த்தனம் வந்தால் கேன்டீனுக்கு எழுந்து போகிற நமக்கு இந்தத் தாளக் கணக்கு எங்கே புரியப் போகிறது? (சிரிப்பு)

1989-ஆம் வருஷத்து ரயில்வே சட்டம், 144-வது பிரிவு, கூவி விற்பதையும் பிச்சை எடுப்பதையும் சேர்த்துத் தடுக்கிறது. பாடிக் காசு வாங்குகிறவரை அதில் எந்தப் பெயரில் அடைப்பது? வேறு பெயர் கிடைக்காமல் பிச்சைக்காரர் ஆக்கிவிட்டோம். யாழைச் சுமந்து ஊர் ஊராய் நடந்த பாணனுக்கு வழி சொல்வதற்கென்றே ஆற்றுப்படை என்று தனி இலக்கிய வகை வைத்திருந்த மொழி ஐயா இது! அவன் வாங்கியதைப் ‘பரிசில்’ என்றார்கள்.

பாரிஸ் மெட்ரோவில் 1997-லிருந்து ஆள் தேர்ந்தெடுத்து அனுமதி அட்டை கொடுக்கிறார்கள். லண்டன் சுரங்க ரயிலில் 2003 முதல் உரிமம் கொடுத்து, நின்று வாசிக்க இடமே குறித்து வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இங்கே அப்படித் தேர்வு வைத்தால் நடுவராக யார் வந்து உட்காருவார்கள் என்று நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

ஒருநாள் மாம்பலத்தில் ரயில் நகர்ந்ததும், அவரிடம் எனக்குப் பிடித்த பழைய பாட்டு ஒன்றைச் சொல்லி, “பாடுவீங்களா?” என்று கேட்டேன்.

“எங்க சார் இறங்குறீங்க?”

“கிண்டி.”

“அப்ப பல்லவியும் ஒரு சரணமும் வரும்.”

சைதாப்பேட்டையில் அவர் பெட்டி மாறியிருக்க வேண்டும், மாறவில்லை. எனக்காக நின்று பாடினார். சொன்னபடியே சரணம் முடியக் கிண்டி வந்தது. ரூபாயை அந்த அம்மாவின் கையிலேயே கொடுத்துவிட்டு இறங்கினேன். அவர்களும் இறங்கி, பிளாட்பாரத்தில் விறுவிறுவென்று நடந்து பின்னால் இருந்த பெட்டியில் ஏறிக்கொண்டார்கள். ரயில் கிளம்பியது. அந்தப் பெட்டி என்னைக் கடக்கும்போது ஜன்னல் வழியாக இரண்டாவது சரணம் கேட்டது.