பியானோவ விட்டு எந்திரிக்காத மனுஷன்

எல்லாருக்கும் வணக்கம். ஜாஸ் காலத்து (அதாவது 1920கள் வாக்குல வந்த) மியூசிக்கல், பாட்டும் டான்ஸும் சேர்ந்த மேடை நாடகம், அதப் பத்தி பேசச் சொன்னாங்க, நான் அதுல வந்த ஒரே ஒரு காதல் பாட்டப் பத்தித்தான் பேசப் போறேன்.

2016ல எங்க கல்யாண நாளுக்கு பசங்கள பக்கத்து வீட்ல விட்டுட்டு நாங்க ரெண்டு பேர் மட்டும், நியூயார்க் 45வது தெருவுல இருக்கே மியூசிக் பாக்ஸ் தியேட்டர், அங்க 'ஷஃபிள் அலாங்'ங்கிற மியூசிக்கல் பாக்கப் போனோம். வீட்டம்மா அரக்குப் புடவை கட்டியிருந்தாங்க. டேப் டான்ஸ் ஆடறவங்க ஷூவுக்கு அடியில லாடம் மாதிரி தகடு இருக்கும், மொத்த குரூப்பும் ஒண்ணா மிதிக்கிறப்போ நாங்க கை வச்சிருந்த சீட்டு கைப்பிடி கூட அதிருது, அவங்க சட்டுன்னு என் கையப் புடிச்சிக்கிட்டாங்க.

அது ஒரிஜினல் இல்ல, ஒரிஜினல் எப்படி உருவாச்சுங்கிற கதை. ஒரிஜினல் 1921 மே மாசம் 63வது தெருவுல, பிராட்வே தியேட்டருங்க இருக்கிற எடத்துலேர்ந்து ரொம்பத் தள்ளி ஒரு ஹால்ல வந்துச்சு. கதை மில்லரும் லைல்ஸும், பாட்டு நோபில் சிசில், மியூசிக் யூபி பிளேக், இந்த நாலு பேரும் நடிச்சவங்களும் கறுப்பினத்தவங்கதான். கையில காசில்ல, கழுத்து வரைக்கும் கடன், ஓடாம போன வேற நாடகத்தோட பழைய டிரெஸ்ஸ வாங்கிப் போட்டுக்கிட்டு ஆடியிருக்காங்க.

அதுல ஒரு டூயட். அந்தக் காலத்துல கறுப்பினத்தவங்க மேடையில சிரிக்க வைக்கலாம், ஆனா ஒரு ஆணும் பொண்ணும் நெஜமா, சீரியஸா காதலிக்கிற மாதிரி பாடினா வெள்ளைக்கார ஆடியன்ஸ் பொறுத்துக்க மாட்டாங்கன்னு பயம். மொத நாள் அந்தப் பாட்டு வந்தப்போ சிசிலும் மில்லரும் லைல்ஸும் வெளிய போற கதவுகிட்ட, ஒரு கால் உள்ள, இன்னொரு கால் கறுப்பினத்தவங்க ஏரியாவான ஹார்லம் பக்கம் ஓடறதுக்கு ரெடியா நின்னாங்களாம். பிளேக் பாவம் எங்க போவாரு, அவருதான் ஆடியன்ஸுக்கு முதுகக் காட்டிக்கிட்டு பியானோ முன்னாடி உக்காந்து பேண்டையே நடத்திக்கிட்டு இருக்காரு, ஏதாச்சும் பறந்து வந்தா மொதல்ல அவரு வழுக்கைத் தலையிலதான் விழும்.

ஒண்ணும் பறந்து வரல. கைதட்டி கைதட்டி திரும்பப் பாடச் சொல்லிட்டாங்க! மொத்தம் 504 ஷோ ஓடுச்சு.

இன்னொண்ணு, இத நெனச்சா எனக்கு இப்பவும் ஆத்திரமா வருது. அந்த பேண்ட்ல இருந்தவங்களுக்கு மியூசிக் நோட்ஸ் படிக்க நல்லாவே தெரியும், ஆனாலும் அத்தன பாட்டையும் மனப்பாடமா வாசிச்சாங்க, ஏன்னா கறுப்பினத்தவங்களுக்கு நோட்ஸ் படிக்க வரும்னு ஆடியன்ஸ் நம்பவே விரும்பலன்னு பிளேக்கே பின்னாடி சொல்லியிருக்காரு.

திரும்பி வர்றப்போ ட்ரெயின்ல கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசல. அப்புறம் வீட்டம்மா கேட்டாங்க, "ஏங்க, பின்னாடி என்ன நடக்குதுன்னே தெரியாம பிளேக் எப்டிங்க கை நடுங்காம வாசிச்சாரு?" வீடு வந்து சேர்ற வரைக்கும் அதத்தான் பேசிக்கிட்டு வந்தோம்.