‘ப்ளீஸ்’ போட்டால் மரியாதை வந்துவிடுமா?

நேயர்களுக்கு வணக்கம். ஆங்கிலம் படித்தால் புரிகிறது, பேசவும் ஓரளவு சமாளித்துவிடலாம், ஆனால் மேலதிகாரிக்கு நாலு வரி மின்னஞ்சல் எழுத உட்கார்ந்தால் அரைமணி நேரம் ஓடிவிடுகிறது என்பவர்களுக்காக இந்த உரை.

ஒரு வாக்கியம் சொல்கிறேன், கேளுங்கள். “ப்ளீஸ் சென்ட் மீ த ரிப்போர்ட் டுடே.” இலக்கணப் பிழை இல்லை. ப்ளீஸும் இருக்கிறது. ஆனாலும் வாசிக்கிறவருக்கு அது உத்தரவு மாதிரி படலாம். ஏன்? தமிழில் வைத்துப் பாருங்கள். வயதில் மூத்தவரிடம் போய் “தயவுசெய்து அனுப்பு” என்று சொல்வோமா? தயவுசெய்து இருக்கிறதே என்று அவர் பொறுத்துக்கொள்வாரா? நம் மரியாதை ‘தயவுசெய்து’வில் இல்லை, ‘அனுப்புங்கள்’ என்று முடிகிற அந்த ‘ங்கள்’ விகுதியில் இருக்கிறது. ஆங்கில வினைக்கு அப்படி ஒரு விகுதி கிடையாது. குழந்தைக்கும் ‘சென்ட்’தான், தலைமை அதிகாரிக்கும் ‘சென்ட்’தான். அப்படியானால் மரியாதையை எங்கே வைக்கிறார்கள்? முக்கியமாக இரண்டு இடங்களில். கட்டளையைக் கேள்வியாக்குவது ஒன்று. வினையை இறந்தகால வடிவத்துக்குத் தள்ளுவது இன்னொன்று.

இந்த இரண்டாவதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். “கேன் யூ சென்ட்” என்றால் சாதாரணக் கேள்வி. “குட் யூ சென்ட்” என்றால் பணிவான கேள்வி. ‘குட்’ இறந்தகாலமாயிற்றே, நாளைக்கு நடக்கவேண்டியதற்கு எப்படிப் பொருந்தும் என்று சந்தேகம் வரும். அது இங்கே காலத்தைக் காட்டவில்லை. கேட்கிறவருக்கும் கேட்கப்படுகிறவருக்கும் நடுவே ஒரு அடி இடைவெளி விடுகிறது. இது நமக்குப் புதிதும் இல்லை. பெரியவர் முன்னால் போய் நின்று “ஒண்ணு கேக்கலாம்னு வந்தேன்” என்கிறோம். “வந்திருக்கிறேன், கேட்கப்போகிறேன்” என்றா சொல்கிறோம்? “ஐ வான்டட் டு ஆஸ்க்” என்பது அதே வேலையைத்தான் செய்கிறது. “ஐ வான்ட்” என்றால் அடம்பிடிக்கிற தொனி வந்துவிடும். “ஐ வுட் லைக்” என்றால் போய்விடும்.

ஆக, மறுபடி சொல்கிறேன்: கேள்வியாக்குங்கள், ஒரு அடி பின்னால் தள்ளுங்கள். “குட் யூ ப்ளீஸ் சென்ட் மீ த ரிப்போர்ட் பை த்ரீ ஓ க்ளாக் டுடே?” ப்ளீஸ் இப்போது தன் இடத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறது. முடிவில் கேள்விக்குறி போட மறக்காதீர்கள், பலர் அங்கே முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறார்கள்.

பணிவு எவ்வளவு வேண்டும் என்பது கேட்கிற உதவியின் அளவைப் பொறுத்தது. ஒரு கோப்பை மறுபடி அனுப்பச் சொல்ல “குட் யூ” தாராளம். பரிந்துரைக் கடிதம் கேட்கிறீர்கள், அவருடைய 2 மணி நேரத்தைக் கேட்கிறீர்கள் என்றால் “ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட்” என்று இன்னும் தள்ளி நிற்கலாம். ஆனால் கூட்டம் எத்தனை மணிக்கு என்று தெரிந்துகொள்ள இவ்வளவு நீளமாகச் சுற்றினால், கேலி செய்கிறீர்களோ என்று எதிரில் இருப்பவர் நினைப்பார்.

குறை சொல்லும்போது இன்னும் கவனம் தேவை. “யூ டிட் நாட் அட்டாச் த ஃபைல்” என்பது நேராக விரல் நீட்டுகிறது. அந்த ‘யூ’வை எடுத்துவிடுங்கள். “த ஃபைல் வாஸ் நாட் அட்டாச்ட்” என்றால் கோப்புதான் வரவில்லை, ஆளைச் சொல்லவில்லை. செயப்பாட்டுவினை எழுதாதே என்று சொல்லிக்கொடுப்பார்கள். இந்த ஒரு இடத்தில் அது அருமையான கருவி.

சில பழக்கத் தொடர்களையும் விடவேண்டும். ‘தேவையானதைச் செய்யுங்கள்’ என்ற பொருளில் “டு த நீட்ஃபுல்” என்று எழுதினால், எது நீட்ஃபுல் என்று வாசிக்கிறவர் ஊகிக்க வேண்டியிருக்கிறது. பணம் அனுப்பவா, கையெழுத்துப் போடவா? அதைச் சொல்லிவிடுங்கள். பதில் எழுதுங்கள் என்ற பொருளில் “ரிவர்ட்” என்கிறோம். வெளிநாட்டில் பலருக்கு அது பழைய நிலைக்குத் திரும்புவது. “ரிப்ளை” என்ற எளிய சொல் இருக்கிறது. “ஐ ஹேவ் எ டவுட்” என்றால் நீங்கள் சொல்வதை நம்பவில்லை என்றும் படலாம். கேட்க வந்தது கேள்விதான் என்றால் “கொஸ்டின்” என்றே எழுதுங்கள்.

அடுத்தது பத்தி. நாம் காரணங்களை வரிசையாக அடுக்கி, ‘ஆகையால்’ என்று கடைசியில் விஷயத்துக்கு வருவோம். நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருவது போலவே. ஆங்கிலத்தில் வினை முன்னாலேயே வந்துவிடுகிறது, அலுவல் பத்தியிலும் விஷயம் முன்னாலேயே வரவேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். “பயிற்சியாளருக்கு உடல்நலமில்லை, அறையும் கிடைக்கவில்லை, 4 பேர் வெளியூரில் இருக்கிறார்கள், ஆகையால் திங்கட்கிழமைப் பயிற்சியை வியாழனுக்கு மாற்றலாமா?” இந்த வரிசையில் எழுதினால், அவசரத்தில் பார்ப்பவர் பயிற்சியாளரின் உடல்நலத்தோடு நின்றுவிடுவார். கடைசித் துண்டைத் தூக்கி முதலில் வையுங்கள். “குட் வீ மூவ் மண்டேஸ் ட்ரெய்னிங் டு தர்ஸ்டே?” பிறகு காரணங்கள், ஒவ்வொன்றும் ஒரு சிறு வாக்கியமாக. ஒரு பத்திக்கு ஒரு விஷயம். அதே மடலில் பயணச் செலவைப் பற்றியும் கேட்கவேண்டுமா? அது வேறு பத்தி.

வாக்கியங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள, முந்தியது முடிந்த இடத்திலிருந்து அடுத்ததைத் தொடங்குங்கள். ‘திஸ்’ என்று தனியாக விட்டால் எதைச் சொல்கிறீர்கள் என்பது தெரியாது. ‘திஸ் சேஞ்ச்’, ‘திஸ் டிலே’ என்று பக்கத்தில் ஒரு பெயர்ச்சொல்லை நிறுத்துங்கள். எழுதி முடித்ததும் ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் வாசியுங்கள். மடல் அதிலேயே புரிந்தால் சரியாக வந்திருக்கிறது.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். தலைப்பு வரியைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கிக்கொள்கிறேன். “ரிக்வெஸ்ட்” என்று ஒற்றைச் சொல்லை வைக்காதீர்கள். என்ன, எப்போது என்று 5, 6 சொற்களில் சொல்லுங்கள். முடிக்கும்போது “லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங்”, ‘ஹியர்’ அல்ல. ‘டியர் சர்’ என்று தொடங்கினால் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’, பெயர் சொல்லித் தொடங்கினால் ‘சின்சியர்லி’ என்பது பிரிட்டிஷ் வழக்கம். அன்றாட மடலுக்கு ‘கைண்ட் ரிகார்ட்ஸ்’ போதும். எல்லாம் எழுதி, கோப்பையும் இணைத்து, ஒருமுறை வாய்விட்டு வாசித்த பிறகு பெறுநர் முகவரியைக் கடைசியாக இடுங்கள். பாதி எழுதிய மடல் கை தவறிப் போய்விடாது. வணக்கம்.