முதல் முறையா ஒரு புத்தகத்தை முழுசாப் படிச்சாச்சு மக்களே! (நடுவில் பக்கத்தைக் காணோம்)

வணக்கம் மக்களே. இன்றைக்குச் சமையல் கிடையாது, சந்தையும் கிடையாது. கையில் என்ன வைத்திருக்கிறேன் பாருங்கள். புத்தகம்! பள்ளிக்கூடப் பாடத்தைத் தவிர்த்து நான் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்த முதல் புத்தகம் இதுதான். சக்கை வறுவல் வீடியோவில் மைனி, அதாவது எங்க அண்ணி, "ஏதாவது வாசிப்பியா நீ?" என்று கேட்டதும், நான் அடுப்பைப் பார்க்கத் திரும்பியதும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

புத்தகம் அக்னிச் சிறகுகள். அப்துல் கலாம் தன் வாழ்க்கையைச் சொல்வது.

தன்னம்பிக்கைப் புத்தகம் என்றாலே எனக்கு ஆகாது. விடியற்காலை எழு, கண்ணாடி முன்னால் நில், "என்னால் முடியும்" என்று சொல்லு. இந்த மாதிரிப் புத்தகங்கள் கல்யாணத்தில் அன்பளிப்பாக வந்து அலமாரியில் நிற்கின்றன. இப்போதும் அவை எனக்குப் பிடிக்காது, அதில் மாற்றமில்லை. ஆனால் ஒரு மனிதர் தனக்கு நடந்ததைச் சொல்லிக்கொண்டே போனால் நான் உட்கார்ந்துவிடுகிறேன். எனக்கு வேண்டியது அந்த வகைதான் என்று இப்போதுதான் தெரிகிறது.

வாங்கிய கதையைச் சொல்லிவிடுகிறேன். மார்த்தாண்டத்தில் ஒரு பழைய புத்தகக் கடை. கடைக்காரர் 100 ரூபாய் சொன்னார். முதுகில் டேப் ஒட்டியிருக்கிறது, மூலை மடங்கியிருக்கிறது, உள்ளே யாரோ பேனாவால் கோடு கோடாகப் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றாகக் காட்டினேன். 80 என்றார். நான் புத்தகத்தை வைத்துவிட்டுப் படி இறங்கினேன். "சரி, 60 தாங்க" என்றார். களியக்காவிளை மீன் சந்தையில் பேரம் பேசிப் பழகிய வாய் மக்களே! 60 ரூபாய்க்கு இன்றைக்கு நல்ல ஏத்தன்பழம் எத்தனை கிடைக்கும், சொல்லுங்கள்.

இப்போது கோபத்துக்கு வருகிறேன். புத்தகத்தில் தும்பா வருகிறது, திருவனந்தபுரத்துக் கடலோர ஊர். நம்ம வேளி வீடியோவில் போனோமே, அதே பக்கம். பூமியின் காந்த நடுக்கோடு அதை ஒட்டிப் போவதால் ராக்கெட் ஏவ அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். மீனவர்களின் மக்தலேனா மரியாள் தேவாலயத்தையே விட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஜெபம் நடந்த இடத்தில் ஆய்வுக்கூடம், ஆயர் இருந்த அறையில் வடிவமைப்புப் படம் வரையும் வேலை. இவ்வளவும் நம் பக்கத்தில் நடந்திருக்கிறது, அந்த ரோட்டில் எத்தனை முறை போயிருப்போம்! சரி, 1963 நவம்பர் 21, முதல் ராக்கெட். அமெரிக்காவிலிருந்து வந்த நைக் அப்பாச்சி. அதை ஏவுமேடையில் தூக்கி வைக்க வேண்டும், கிரேனின் ஹைட்ராலிக் அமைப்பில் கசிவு, நேரம் நெருங்குகிறது. நான் பக்கத்தைத் திருப்புகிறேன். அடுத்த பக்கம் இல்லை! பிளேடு வைத்து ஓரமாக நறுக்கி எடுத்திருக்கிறார்கள். இதோ, கேமராவுக்குக் கிட்டே காட்டுகிறேன், இந்தத் துண்டு விளிம்பைப் பாருங்கள். எவர் செய்த வேலை இது? தேவைப்பட்டால் ஒரு நகல் எடுக்கக் கூடாதா? இன்னும் எனக்கு ஆறவில்லை.

ராத்திரியே மைனிக்குப் போன் போட்டேன். "பாறசாலைக்கு வா, எங்க வாயனசாலையில மலையாளத்துல இருக்கும்" என்றாள். கேரளத்தில் ஊர் நூலகத்தை வாயனசாலை என்பார்கள். எனக்கு மலையாளம் பேச வரும், எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. மறுநாளே பஸ் ஏறிவிட்டேன். ஓட்டுக் கட்டிடம், வாசலில் பத்திரிகை விரித்த நீள மேசை, மூலையில் கேரம் பலகை. மைனி அந்த மேசையில் உட்கார்ந்து சத்தமாக வாசித்தாள், நான் கேட்டேன். கிரேனைச் சரிசெய்ய நேரமில்லாமல் எல்லாரும் சேர்ந்து கையாலேயே ராக்கெட்டைத் தூக்கி வைத்திருக்கிறார்கள்! பத்திரிகை படித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர்கூட தாளை மடக்கிவிட்டு எங்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

அந்த வாயனசாலைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பி.என். பணிக்கர் என்பவர் 1945இல் 47 ஊர் நூலகங்களைச் சேர்த்து ஒரு சங்கமாக்கினார். திருவிதாங்கூர் நூலகச் சங்கம் அது. அப்போது நம்ம விளவங்கோடு தாலுகாவும் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில்தானே இருந்தது! அவர் இறந்த ஜூன் 19 இன்றைக்கும் கேரளத்தில் வாசிப்பு நாள். தமிழ்நாட்டுப் பக்கம் நாமும் வீட்டு வரியோடு நூலக வரி கட்டுகிறோம் மக்களே. நம்ம கிளை நூலகத்துக்குள் போய்ப் பாருங்கள். அது நம் காசு.

ஆங், ஒன்றை விட்டுவிட்டேன், இது தும்பாவுக்கு முன்னால் வருகிறது. சென்னையில் எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரியில் சேர ஏறக்குறைய 1,000 ரூபாய் வேண்டும். கலாமின் அக்கா ஜோஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்திருக்கிறார். அடகுக் கடை இல்லாத முக்கு நம் ஊரில் கிடையாது, அந்தக் கவுண்டரில் வளையலைக் கழற்றி வைக்கும்போது எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டேன்.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் வேறு. 1979 ஆகஸ்ட் 10, கலாம் குழு செய்த எஸ்.எல்.வி.-3 ராக்கெட். கிளம்பி 317 வினாடியில் எல்லாம் முடிந்து கடலில் விழுகிறது. கலாம் அறைக்குப் போய்க் களைத்துத் தூங்கிவிடுகிறார். பிரம்ம பிரகாஷ் என்ற பெரிய விஞ்ஞானி, அவருடைய மேலதிகாரி, சாப்பிடக் கூப்பிட வந்து எழுப்புகிறார். அதற்கு முன்னால் இரண்டு முறை வந்து பார்த்து, தூங்குகிறாரே என்று திரும்பிப் போயிருக்கிறார், அதுவரை தானும் சாப்பிடாமல்! ஏன் விழுந்தது, யார் தப்பு என்று ஒரு கேள்வி கிடையாது. வா, சோறு சாப்பிடலாம், அவ்வளவுதான். அந்தக் கண்ணாடி முன் நிற்கச் சொல்லும் புத்தகங்கள் எதிலாவது இப்படி ஒரு மனிதர் வருகிறாரா? அடுத்த வருஷம் ஜூலை 18, அதே வகை எஸ்.எல்.வி. ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் கொண்டுபோய் விட்டது. எனக்கு அதைவிட அந்தச் சாப்பாடுதான் பெரிது.

தும்பா தேவாலயம் இப்போது விண்வெளி அருங்காட்சியகம். மைனியும் வருகிறேன் என்கிறாள், வீடியோவாகப் போடுகிறேன். அடுத்து எதைப் படிக்கட்டும், கீழே எழுதுங்கள். வாழ்க்கை வரலாறாக இருக்க வேண்டும், எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். அறிவுரைப் புத்தகம் வேண்டவே வேண்டாம்.