கற்பனை உலகத்துக்கு ஒரு கணவாய் வேணுமா? முதல்ல கோத்தார்டைப் பாருங்க

[திரையில்: கையால் வரைந்த கற்பனை வரைபடம். மலைத்தொடர், நடுவில் ஒரு இடைவெளி]

வணக்கம். மிகுபுனைவுக் கதைக்காக ஒரு உலகத்தை வரையிறவங்க, மலைத்தொடரைப் போட்டதும் நடுவுல ஒரு இடைவெளி விட்டு "கணவாய்"னு எழுதிடுவாங்க. ஒரு பேரு, உச்சியில ஒரு கோட்டை, அங்க ஒரு பெரும்போர். அவ்வளவும் இருந்தும் அந்தக் கணவாய்க்கு உயிர் வராது. ஏன்னா கணவாயோட தலையெழுத்து உச்சியில இல்ல. ஏறுற வழியில எந்த இடம் ஆளை மறிக்குதோ, அங்கதான் இருக்கு.

இதைப் புரிஞ்சுக்க சுவிட்சர்லாந்துல இருக்கிற கோத்தார்டு கணவாய் ஒண்ணு போதும்.

[திரையில்: வடக்கே கோஷெனென், நடுவில் ஆண்டர்மட், தெற்கே ஐரோலோ]

கோத்தார்டு உச்சி 2,106 மீட்டர். ரோமானியர்கள் நல்லாப் புழங்கின கிரேட் செயின்ட் பெர்னார்டு கணவாய் 2,469 மீட்டர். அதைவிட இது தணிவு. வடக்கேர்ந்து இத்தாலிக்கு நேர்வழியும்கூட. இருந்தும் ரோமானியர் காலத்துல இது பெருவழியா ஆகவே இல்ல. காரணம், உச்சிக்குப் பல நூறு மீட்டர் கீழ, ஆண்டர்மட்டுக்கும் கோஷெனெனுக்கும் நடுவுல இருக்கிற ஷோலெனென்ங்கிற மலையிடுக்கு.

அது ஏன் அங்க இருக்கு? ஆண்டர்மட் இருக்கிற உர்சரன் பள்ளத்தாக்கு, ரெண்டு கடினமான பாறைத் திரளுக்கு நடுவுல மாட்டிக்கிட்ட மென்மையான பாறைப் பட்டை. மென்பாறை சீக்கிரம் அரிச்சுடும். அதனால மேல, 1,400 மீட்டர் உயரத்துல, புல்வெளியா அகலமான பள்ளத்தாக்கு. அதைத் தாண்டி வடக்கே இறங்குற ராய்ஸ் ஆறு கருங்கல்லுல மோதுது. கருங்கல் அகலமா அரிக்காது, ஆழமாத்தான் அறுக்கும். சில கிலோமீட்டருக்குள்ள ஆறு 300 மீட்டருக்கு மேல இறங்குது. ரெண்டு பக்கமும் செங்குத்துச் சுவர். நடந்துபோக ஆற்றோரம்னு ஒண்ணே கிடையாது.

உங்க வரைபடத்துல கணவாய்க்கு உயரம் குறிக்கிறதுக்கு முன்னாடி இதைச் செய்யுங்க. எது மென்பாறை, எது வன்பாறைன்னு ரெண்டு நிறத்துல தீட்டுங்க. ஆறு வன்பாறையை வெட்டுற இடம்தான் உங்க கதையோட வாசல்.

இப்போ இந்த வாசல் மூடியிருந்ததால என்ன ஆச்சுன்னு பாருங்க. உர்சரன் தண்ணியெல்லாம் வடக்கே ஊரிங்கிற பகுதிக்குத்தான் ஓடுது. ஆனா உர்சரன் நிலம் கிழக்கே ஓபரால்ப் கணவாய்க்கு அப்பால இருக்கிற டிசென்டிஸ் மடத்துக்குச் சொந்தமா இருந்துச்சு. மேற்கே வாலேங்கிற பகுதியிலேர்ந்து ஃபுர்கா கணவாய் வழியா வால்சர் மக்கள் வந்து குடியேறினாங்க. ஆறு போற திசையிலதான் ஆட்சியும் போகும்னு வரையிறது, கற்பனை வரைபடங்கள்ல திரும்பத் திரும்ப வர்ற தப்பு. கால் நடக்கிற வழியிலதான் ஆட்சி போகும்.

[திரையில்: பாறைச் சுவர், அதை ஒட்டி மரப்பாலம். நெருக்கக் காட்சி]

1220களை ஒட்டி வாசல் திறந்துச்சு. ரெண்டு வேலை நடந்துச்சு. ஒண்ணு, ஆத்துக்குக் குறுக்கே மரப்பாலம். இன்னொண்ணு அதைவிடக் கஷ்டமானது: பாறைச் சுவரை ஒட்டி, ஆத்துக்கு மேல தொங்குற மாதிரி 60 மீட்டர் அளவுக்கு ஒரு மரநடை. ட்வாரன் பாலம்னு பேரு. ட்வாரன்னா குறுக்குக் கட்டை. இதைக் கட்டினது வால்சர்கள்தான்னு பரவலாச் சொல்றாங்க. அவங்க சொந்த ஊரான வாலேயில, செங்குத்துப் பாறையில கட்டை அடிச்சு, அதுமேல மரத்தொட்டி வெச்சு வயலுக்குத் தண்ணி கொண்டுபோற பழக்கம் இருந்துச்சு. வாய்க்கால் போடத் தெரிஞ்ச கைதான் பாதையும் போட்டுச்சு. உங்க உலகத்துல ஒரு பெரிய கட்டுமானம் வரும்போது, அந்தத் தொழில் அதுக்கு முன்னாடி எந்தச் சின்ன வேலையில பழகியிருந்ததுன்னு எழுதிடுங்க. படிக்கிறவங்க உடனே நம்புவாங்க.

அந்த மரநடைமேல ஒரு கோவேறு கழுதையை நிறுத்திப் பாருங்க. முதுகுல ரெண்டு பக்கமும் சரிசமமாப் பொதி. மொத்தம் சுமார் 150 கிலோ. ஒரு பக்கப் பொதி பாறையில உரசுது, மறுபக்கப் பொதி ஆத்துமேல நிக்குது. எதிர்ல இன்னொரு கழுதை வந்தா ஒதுங்க இடமில்ல. கீழேர்ந்து ராய்ஸ் ஆத்துச் சாரல் ஓயாம அடிக்குது. பலகை எப்பவும் ஈரம். ஈர மரம் மக்கும், குளிர்ல அதுமேலயே பனிக்கட்டி உறையும். வெள்ளம் வந்தா கட்டையே போயிடும். அப்படின்னா திரும்பத் திரும்ப மரம் வெட்டி, சுமந்து வந்து, மாத்திக்கிட்டே இருக்கணும். அதுக்கு யார் காசு கொடுக்கிறது?

இங்கதான் கணவாய்க்குள்ள அரசியல் நுழையுது. வழி திறந்த கொஞ்ச நாள்லயே, 1231ல, புனித ரோமப் பேரரசர் இரண்டாம் பிரெடரிக்கின் மகன் மன்னர் ஹென்றி, ஊரியை ஹாப்ஸ்பர்க்ங்கிற பிரபுக் குடும்பத்துக்கிட்டேர்ந்து மீட்டு நேரடியாப் பேரரசின் கீழ கொண்டுவந்தார். நடுவுல இன்னொரு பிரபு கிடையாது. அறுபது வருஷம் கழிச்சு, 1291ல, ஊரியும் பக்கத்துப் பகுதிகளான ஷ்விட்ஸும் உன்டர்வால்டனும் செஞ்ச உடன்படிக்கையைத்தான் சுவிட்சர்லாந்து தன் தொடக்கமாக் கொண்டாடுது.

சரக்குப் போக்குவரத்தை வழியோர ஊர்க்காரங்க சங்கமாச் சேர்ந்து நடத்தினாங்க. ஒவ்வொரு பள்ளத்தாக்குக்கும் தன் எல்லைக்குள்ள பொதி சுமக்கிற உரிமை. எல்லை வந்ததும் பொதியை இறக்கிக் கிட்டங்கியில வெச்சு, அடுத்த ஊர்க்காரங்ககிட்ட ஒப்படைக்கணும். இறக்காம நேரா ஓட்டிக்கிட்டுப் போகணும்னா தனிக் கட்டணம். அந்தப் பணம் பாதைப் பராமரிப்புக்குப் போச்சு. தெற்கே மாடும் பாலாடைக்கட்டியும் போகும், வடக்கே ஒயினும் அரிசியும் வரும். ஒரு மந்திரவாதியோட படையை இந்த வழியா அனுப்புறதுக்கு முன்னாடி, ஒரு பொதிக்காரன் எங்கெங்க நின்னு யாருக்கு எவ்வளவு கொடுப்பான்னு கணக்குப் போட்டுப் பாருங்க. சத்திரம், சண்டை, லஞ்சம், கடத்தல் எல்லாம் அந்தக் கணக்குலேர்ந்தே முளைக்கும்.

குளிர்காலத்துலயும் வழி நின்னுடல. எருதுகளை முன்னால விட்டுப் பனியை மிதிச்சுத் தடம் போட வைப்பாங்க. பின்னாடி சறுக்குவண்டியில சரக்கு. பெரிய பயம் பனிச்சரிவு. ஆண்டர்மட்டுக்கு மேல மலைச்சரிவுல ஒரு சின்னக் காடு தனியா நிக்கும். 1397லயே அதுல மரம் வெட்டக்கூடாதுன்னு எழுத்துல தடை போட்டுட்டாங்க. சுற்றிலும் மொட்டை மலை, விறகுக்குத் தவிக்கிற ஊர். ஆனா அந்தக் காட்டை மட்டும் தொடக்கூடாது. தொட்டா பனி நேரா வீட்டுமேல வந்து விழும்.

[திரையில்: கல்பாலம், அருவிச் சாரல்]

1595ல மரப்பாலத்துக்குப் பதிலாக் கல்பாலம் வந்துச்சு. மனுஷன் கட்டியிருக்க முடியாதுன்னு தோணுற எதுவும் கதையாகும். இந்தப் பாலத்துக்கு மரமா இருந்தப்பவே வந்த பேரு பிசாசுப் பாலம். பாலம் கட்டமுடியாமத் தவிச்ச ஊரிக்காரங்க பிசாசுகிட்ட ஒப்பந்தம் போட்டாங்களாம். கூலி, முதல்ல பாலத்தைத் தாண்டுற உயிர். கட்டி முடிஞ்சதும் ஒரு ஆட்டை விரட்டிவிட்டாங்க. கோபத்துல பிசாசு பாலத்தை உடைக்கப் பெரிய பாறையைத் தூக்கிட்டு வந்துச்சு. வழியில அது இளைப்பாறினப்போ ஒரு கிழவி பாறையில சிலுவைக்குறி போட, அப்புறம் அதைத் தூக்க முடியல. கதையோட கணக்கைக் கவனிங்க: பாலத்துக்கு விலை ஒரு உயிர். அந்தப் பள்ளத்துல வேலை செஞ்ச ஊர்களுக்கு அது உவமை இல்ல.

ட்வாரன் பாலம் மட்டும் மரமாவே இருந்து, வெள்ளத்துல அடிவாங்கிக்கிட்டே இருந்துச்சு. கடைசியில 1707ல பியெத்ரோ மொரெட்டினிங்கிற, கணவாய்க்குத் தெற்கே இருக்கிற டிச்சினோ பகுதிக்காரர் சுவரைச் சுத்தாம சுவரையே குடைஞ்சார். வெடிமருந்து வெச்சு 64 மீட்டர். அடுத்த வருஷமே முடிஞ்சுது. ஆல்ப்ஸ் மலையில முதல் சாலைச் சுரங்கம் அதுதான்னு சொல்வாங்க. ஊர்னர்லோக், அதாவது ஊரிப் பொந்து. பொதிவிலங்கு போற அளவுதான் அப்போ. வண்டிச்சாலை வர இன்னும் நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு.

[திரையில்: 1799, அம்புக்குறி தெற்கிலிருந்து வடக்கே]

போருக்கு வருவோம். 1799 செப்டம்பர்ல ரஷ்யத் தளபதி சுவோரவ் இத்தாலியிலேர்ந்து சுமார் 20,000 பேரோட கோத்தார்டு ஏறினார். நோக்கம், பிரான்ஸை எதிர்த்து சூரிச்சுல இருந்த இன்னொரு ரஷ்யத் தளபதி கோர்சகோவோட படையோட சேர்றது. பிரெஞ்சுக்காரங்க இந்த இடுக்குல மறிச்சாங்க. பாலத்துல ஒரு பகுதியை உடைச்சாங்க. அதிகாரிகள் இடுப்புப் பட்டையை அவிழ்த்து மரங்களைக் கட்டி வழி போட்டாங்கன்னு சொல்வாங்க. எப்படியோ தாண்டிட்டாங்க.

உண்மையான அடி அதுக்கப்புறம். கணவாய் இறங்கினா ஏரி. ஏரிக்கரையில பாதை கிடையாது, ரெண்டு பக்கமும் மலை நேராத் தண்ணிக்குள்ள இறங்குது. பொதிக்காரங்க எப்பவும் படகுலதான் போவாங்க. படகெல்லாம் பிரெஞ்சுக்காரங்க கையில. களைச்ச படையைக் கூட்டிக்கிட்டு சுவோரவ் மறுபடியும் கின்சிக்ங்கிற இன்னொரு கணவாய் ஏற வேண்டியதாச்சு. அதுக்குள்ள சூரிச்சுல கோர்சகோவ் தோத்துட்டார். வரைபடத்துல கணவாயை மட்டும் பார்த்தவங்களுக்குக் கணவாய் இறங்குற இடம் தெரியல. அந்த ஏரிக்கரையில சாலை வந்தது 1860கள்ல.

1882ல 15 கிலோமீட்டர் ரயில் சுரங்கம். அதைத் தோண்டுனப்போ ஆண்டர்மட்டுக்கு அடியில அதே மென்பாறைப் பட்டை சுரங்கச் சுவரை நசுக்கிக்கிட்டே இருந்துச்சு. மேல பள்ளத்தாக்கை உண்டாக்கினதும் அதுதான். 1980ல 16.9 கிலோமீட்டர் சாலைச் சுரங்கம், 2016ல மலையோட அடிமட்டத்துலயே போற 57 கிலோமீட்டர் ரயில் அடித்தளச் சுரங்கம். இப்போ பெரும்பாலான சரக்கு அந்த இடுக்கைக் கண்ணாலகூடப் பார்க்காமலே போயிடுது.

[திரையில்: நெடுஞ்சாலை ஓரம், தனியாக நிற்கும் பாறை]

பிசாசு விட்டுட்டுப் போன பாறைன்னு சொன்னேனே, அது கோஷெனென்ல இன்னும் இருக்கு. எடை 220 டன். நெடுஞ்சாலை போடும்போது அது வழியில நின்னுச்சு. வெடிவெச்சுத் தகர்க்க நினைச்சப்போ ஜனங்க விடல. 1970கள்ல 3 லட்சம் ஃபிராங்க் செலவு பண்ணி 127 மீட்டர் நகர்த்தி வெச்சாங்க.