40 செக்கன் அழுகை

நேயர்களுக்கு வணக்கம். நான் மேடைப் பேச்சாளன் இல்லை. வீடியோ எடிட் செய்வது என் தொழில். கலியாணவீடு, சாமத்தியவீடு, கோயில் திருவிழா, இடைக்கிடை செயற்பாட்டாளர்கள் கேட்கும் சின்ன விவரணப் படங்கள். பரப்புரையில் உணர்ச்சியை எவ்வளவு பயன்படுத்தலாம் என்று பேசச் சொன்னார்கள். அளவு எனக்குத் தெரியாது. நான் செய்த ஒரு வேலையைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன், காணாமல் ஆக்கப்பட்டோரைப் பற்றி ஒரு குழு வீடியோ செய்தபோது, வடமராட்சியில் ஓர் அம்மாவைப் படம் பிடித்தோம். இரண்டு மணித்தியாலம் கதைத்தார். மகன் இரண்டு கையையும் விட்டுச் சைக்கிள் ஓடியது, பிட்டுக்கு மாம்பழம் இல்லாவிட்டால் கோப்பையைத் தள்ளி வைப்பது. சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நடுவில் எங்களுக்குத் தேத்தண்ணி போட எழும்பிப் போனார். அடுப்படியில் எது கண்ணில் பட்டதோ, திரும்பி வந்து இருந்ததும் அழுகை வந்துவிட்டது. கமரா ஓடிக்கொண்டிருந்தது. 40 செக்கன் அழுதார்.

நான் வெட்டி எடுத்தது அந்த 40 செக்கனைத்தான். பின்னால் வயலின். கண்ணீர் கன்னத்தில் இறங்கும் இடத்தைக் கொஞ்சம் மெதுவாக்கினேன். முடிவில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. அந்தக் குழு அதுவரை போட்ட எல்லாவற்றையும் விட அது கூடப் பரவியது. எனக்கும் பெருமைதான், ஏன் மறைப்பான்?

அம்மா அதைப் பேத்தியின் போனில் பார்த்திருக்கிறார். பிறகு கண்டபோது ஏசவில்லை. "தம்பி, அண்டைக்கு நான் எவ்வளவு சிரிச்சனான், அதெல்லாம் எங்கை? அழுததோடை நிப்பாட்டிப்போட்டியள்" என்றார்.

பொய் ஒன்றும் சேர்க்கவில்லை அம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். வயலின் ஞாபகம் வந்தது, பேசாமல் இருந்துவிட்டேன்.

ஒற்றை முகம்தான் எடுபடும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். உளவியலாளர் போல் சுலோவிக்கும் இன்னும் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு அதை எண்ணியே காட்டியது. ஆட்களின் கையில் 5 டொலர் கொடுத்து, அதில் ஆபிரிக்கப் பட்டினிக்கு எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டார்கள். மாலி நாட்டுச் சிறுமி, 7 வயது ரோக்கியாவைப் பற்றி வாசித்தவர்கள் சராசரியாக 2.38 டொலர் கொடுத்தார்கள். எத்தனை இலட்சம் பேர் பட்டினி என்ற கணக்கை மட்டும் வாசித்தவர்கள் 1.14. இரண்டையும் சேர்த்து வாசித்தவர்கள் 1.43. ரோக்கியாவுக்குப் பக்கத்தில் கணக்கை வைத்ததும் கை சுருங்கிவிட்டது. இது தெரிந்த பிறகு எவன் கணக்கை வைப்பான்? நானும் வைக்கவில்லை. எத்தனை குடும்பம், எந்த வருடம், எந்த விசாரணை எதில் நின்றது, ஒன்றும் அந்த வீடியோவில் இல்லை.

அம்மா கேட்ட கேள்விதான் என்னைப் புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சனிடம் கொண்டுபோனது. பெயர் தெரியாவிட்டாலும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். 1936 மார்ச், கலிபோர்னியாவில் நிப்போமோ என்ற இடம், பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாம். கன்னத்தில் கைவைத்த 32 வயதுத் தாய், தோளில் முகத்தை மறைத்த இரண்டு பிள்ளைகள். எடுத்தவர் டொரோதியா லாங். பத்திரிகையில் வந்ததும் அரசாங்கம் அந்த முகாமுக்கு 9,000 கிலோ அளவு உணவு அனுப்பியது. அது வந்து சேர முன்னரே தொம்சனின் குடும்பம் வேறிடம் போய்விட்டது. அவர் யார் என்று உலகத்துக்குத் தெரிந்தது 1978இல்தான். அந்தப் படத்தை எடுக்காமலே விட்டிருக்கலாம், என் பெயரைக்கூடக் கேட்கவில்லை, அதால் ஒரு சதமும் எனக்கு வரவில்லை என்று அப்போது சொன்னார். ஆனால் 1983இல் அவர் நோயில் கிடந்து பிள்ளைகள் உதவி கேட்டபோது, முன்பின் தெரியாதவர்கள் 35,000 டொலருக்கு மேல் அனுப்பினார்கள். அதுவும் அந்தப் படத்தால்தான். அதனால் லாங்கைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவர் பெயரைக் கேட்கவில்லை. நான் பெயர் கேட்டேன், சம்மதமும் கேட்டேன். ஆனால் கேட்டது கமராவை வைக்க முன்னர். என்ன வரப்போகிறது என்று அம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வெட்டி முடித்த பிறகு ஒருமுறை கொண்டுபோய்க் காட்டியிருக்க வேண்டும். பஸ்ஸில் ஒரு மணித்தியாலப் பயணம், அவ்வளவுதான்.

சரி, இல்லாததைச் சேர்ப்பது வேறு கதை. 1990 ஒக்டோபரில் வாஷிங்டனில் 15 வயதுப் பெண் ஒருத்தி அழுதழுது சாட்சி சொன்னாள். குவைத்தைப் பிடித்திருந்த ஈராக் படையினர் அங்கே ஆஸ்பத்திரியில் இன்குபேட்டரில் இருந்த குழந்தைகளை எடுத்துத் தரையில் போட்டார்கள் என்றாள். அமெரிக்காவுக்கான குவைத் தூதரின் மகள் அவள் என்பது 1992 ஜனவரியில்தான் வெளியே வந்தது. ஏற்பாடு ஒரு மக்கள்தொடர்பு நிறுவனத்தினுடையது. இதைத்தான் எங்கள் ஆட்கள் கூலிக்கு மாரடிப்பது என்பார்கள். குவைத்தில் கொலையும் சித்திரவதையும் உண்மையாகவே நடந்தன. இன்று அந்தக் கதையை எடுத்தால் ஆட்களுக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தப் பொய்.

இது தூரத்து விஷயம் இல்லை. 2025இல் யாழ்ப்பாணம் செம்மணி, சித்துப்பாத்தி மயானத்தில் மனிதப் புதைகுழி அகழ்வு நடந்த நாட்களில் என் வட்ஸ்அப்புக்கு ஒரு படம் வந்தது. குழந்தையின் எலும்புக்கூடு, பக்கத்தில் கடையில் வாங்கின மாதிரி மினுங்கும் பை. பையில் இருந்த எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது எந்த மொழியும் இல்லை. கணினி கீறிய படம். அனுப்பின பெடியனைக் கேட்டேன். "நடந்தது உண்மைதானே அண்ணை, படம் எதா இருந்தால் என்ன?" என்றான்.

கோபம் வந்தது. ஏனென்றால் அங்கே உண்மையான நீலப் பை ஒன்று மண்ணுக்குள் இருந்தே வந்தது, ஒரு சிறு பிள்ளையின் எலும்புகளோடு. அது வழக்கின் சான்று. ஓகஸ்ட் மாதம் அங்கே எடுத்த உடுப்புகளையும் பொருட்களையும் அடையாளம் காணச் சனத்துக்குக் காட்டினார்கள். தெரிந்த சட்டை ஏதும் இருக்குமோ என்று பார்த்துக்கொண்டு போகிறவருக்கு முன்னால் கணினி செய்த பையை நீட்டலாமா? அந்த ஒற்றைப் படத்தைப் பிடித்துக்கொண்டு செம்மணியே பொய் என்று சொல்லக் காத்திருப்பவனுக்கு நாங்களே கையில் எடுத்துக் கொடுக்கிறோம்.

பிந்தித்தான், ஆனாலும் அம்மாவின் வீடியோவைத் திரும்ப வெட்டினேன். 11 நிமிடம். மாம்பழம், சைக்கிள், சிரிப்பு, வழக்கு இலக்கம், திகதிகள். வயலின் இல்லை. இந்தமுறை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே போனேன். அழுகையை எடுத்துவிடவா என்று கேட்டேன்.

"ஏன் எடுக்கிறாய்? அழுதனான்தானே. அதைக் கடைசியிலை வையாதை, அவ்வளவுதான்."

சைக்கிள் கதைக்கு முன்னால் மாற்றி வைத்தேன். முதல் வீடியோவைப் பார்த்தவர்களில் காற்பங்கு ஆட்கள்கூட இதைப் பார்க்கவில்லை. கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் மகளுக்கு அனுப்பிவிடச் சொன்னார் அம்மா. அங்கேயே இருந்து அனுப்பினேன். அதற்குள் தேத்தண்ணி ஆறிவிட்டது, திரும்பச் சூடாக்கித் தந்தார்.